ஓஎன்டிசி: கவர்மென்டா, தனியாரா?

கேள்வி: வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். ஜிஎஸ்டி எடுக்கவில்லை. 'ஓஎன்டிசியில சேருங்க அத்தை, அது கவர்மென்ட் ஆப்' என்கிறான் அண்ணன் மகன். மொபைலில் தேடினால் ஏதேதோ தனியார் ஆப்கள் வருகின்றன. நம்பிச் சேரலாமா ஐயா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: சேரலாம். ஆனால் மருமகன் சொன்னது பாதிதான் சரி. ஓஎன்டிசி (ஓபன் நெட்வொர்க் ஃபார் டிஜிட்டல் காமர்ஸ்) ஒரு ஆப் அல்ல; விற்பவர், வாங்குபவர் ஆப்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலைப்பின்னல். அதை நடத்துவது, மத்திய அரசின் முனைப்பில் 2021 டிசம்பர் கடைசியில் பதிவான, லாப நோக்கமில்லாத கம்பெனி. தொடங்கியவை இரண்டு. ஒன்று, அரசும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய இந்தியத் தரக் கவுன்சில். இன்னொன்று, பான் கார்டு வழியாக நமக்குப் பழகிய பழைய என்எஸ்டிஎல் இ-கவ், அதாவது இன்றைய புரோட்டீன். பிறகு ஸ்டேட் பேங்கும் பணம் போட்டது, ஹெச்டிஎஃப்சியும் போட்டது. 2022 ஏப்ரலில் சோதனை ஓட்டத்துக்கு எடுத்த ஐந்து ஊர்களில் உங்கள் பக்கத்துக் கோவையும் உண்டு.

போன்பேயிலிருந்து கூகுள் பேக்குப் பணம் போகிறதல்லவா? அந்த மாதிரி, ஒரு ஆப்பில் நீங்கள் பட்டியலிட்ட பொடியை வேறு ஆப் வைத்திருப்பவர் வாங்கலாம். விதி வகுப்பதுதான் ஓஎன்டிசியின் வேலை. உங்களைச் சேர்ப்பது, கமிஷன் பிடிப்பது, பணத்தைக் கணக்கில் போடுவது எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் விற்பனை ஆப். பெரும்பாலும் அது தனியார்தான். அங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பணம் எத்தனை நாளில் வரும்? திரும்பி வந்த பார்சலின் கூரியர் செலவு யார் தலையில்? வாங்குபவரின் ஆப்புக்குப் போகும் பங்கு, சொல்லும் கமிஷனுக்குள் அடக்கமா, தனியா? வாய்ப்பேச்சு போதாது. வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், இமெயிலில் எழுதி வாங்குங்கள். தேனாய்ப் பேசுகிற பிரதிநிதி, 'எழுதிக் கொடுங்க தம்பி' என்றதும் சுதி இறங்கிவிடுவார்!

ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்புக்குள் விற்பவர்கள் பதிவில்லாமலே ஆன்லைனில் பொருள் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் பான் எண் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னைக்கு உங்கள் பொடி போகலாம், கூப்பிடு தூரத்துப் பாலக்காட்டுக்குப் போகக்கூடாது. விசித்திரம்தான், என்ன செய்ய! ஜிஎஸ்டி இல்லாதவரைச் சேர்ப்பார்களா என்று ஆப்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம் வேண்டும்.

5 லட்சம் சிறுதொழில்களை, அதில் பாதி பெண்களுடையவை, இந்த வலைப்பின்னலில் ஏற்றுவதற்காக 277.35 கோடி ரூபாயில் 'டீம்' என்ற திட்டத்தை மத்திய அரசு 2024-ல் அறிவித்தது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு எடுத்துவிட்டு அந்தத் திட்டத்தையும் விசாரியுங்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.