அகல ஹெட்டருக்குப் பிரித்துக் கோக்கும் சட்டகம்: வாசகர் கேள்வி – பதில்

அறுவடை இயந்திரத்தின் முன்னால் மாட்டும், பயிரை அறுத்து உள்ளே தள்ளும் ஹெட்டரை ஒரே சட்டமாகச் செய்யாமல், நடுப்பாகம் ஒன்று, இருபுறமும் இறக்கை ஒவ்வொன்று என்று தனித்தனியாகச் செய்து கோப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். கணக்குகளுக்கு எல்லாம் ஒரே அளவை எடுத்துக்கொண்டோம்: கட்டர் பார் (கத்தி வரிசை), ரீல் (பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் சுழல் சட்டம்), பெல்ட் (அறுத்ததை நடுவுக்குக் கொண்டுவருவது) எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 250 கிலோ எடை, நடுப்பாகம் 2 மீட்டர், முதுகுக் குழாய் (ஹெட்டரின் பின்பக்கம் நீளவாக்கில் ஓடுவது) 200 × 200 × 6 மி.மீ. சதுரக் குழாய். உங்கள் ஹெட்டரின் எடை வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 12 மீட்டர் ஹெட்டர் நன்றாக ஓடுகிறது. அதே அமைப்பில் இறக்கைகளை மட்டும் நீட்டி 16 மீட்டர் ஆக்க நினைக்கிறேன். குழாயின் கனத்தை 6-லிருந்து 12 மி.மீ. ஆக்கினால் போதுமா?

போதாது. இறக்கை 5 மீட்டரிலிருந்து 7 மீட்டராகிறது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட சட்டத்தில் அடிப்பக்க வளைவிசை நீளத்தின் இரண்டாம் படியில் ஏறும். நுனித் தொய்வோ நான்காம் படியில் ஏறும். 5 மீட்டரில் இணைப்பில் சுமார் 31 கிலோ நியூட்டன் மீட்டர் வளைவிசையும் நுனியில் 33 மி.மீ. தொய்வும் வரும். 7 மீட்டரில் அவை 60, 126 ஆகிவிடும். விசை இரட்டிக்கிறது, தொய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது.

கனத்தை இரட்டித்தால் குழாயின் எடை ஏறத்தாழ இரு மடங்கு. வளைவுக்கு எதிரான விறைப்பு 1.8 மடங்குதான். அதற்குப் பதில் 250 × 250 × 6 போட்டால் எடை கால் பங்கு கூடி, விறைப்பு இரண்டு மடங்காகும். அப்படியும் தொய்வு 60 மி.மீ.க்கு மேல் நிற்கும். உயரத்தைப் பயன்படுத்துவதுதான் வழி. 100 × 100 × 5 குழாய்கள் இரண்டை மேலும் கீழுமாக 600 மி.மீ. இடைவெளியில் வைத்துச் சாய்வுக் கம்பிகளால் கட்டினால், வளைவு விறைப்பு ஒற்றை 200 குழாயைப் போல் 11 மடங்குக்கு மேல். இரும்போ அதைவிடக் குறைவு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இரண்டு சிறு குழாய்களின் முறுக்கு விறைப்பு, ஒற்றை 200 குழாயில் ஐந்தில் ஒரு பங்குதான். கட்டர் பார் முதுகிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் தொங்குவதால் ஹெட்டரில் முறுக்கு எப்போதும் உண்டு. அதனால் கீழே 200 குழாயை அப்படியே வைத்து, மேலே 100 குழாயை ஓட்டி, இரண்டையும் சாய்வுகளால் இணையுங்கள். மேல்குழாயின் உயரத்தை முடிவு செய்யும் முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கட்டர் பார் மறைந்தால் எந்த விறைப்பும் பயனில்லை.

அதிர்வையும் கவனிக்க வேண்டும். ஒற்றைக் குழாயில் 5 மீட்டர் இறக்கை நொடிக்கு சுமார் 3.4 முறை தானாக ஆடும். 7 மீட்டரில் அது 1.75. டயர்மேல் ஓடும் கனரக இயந்திரம் துள்ளும் வேகமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் சமதரையில்கூட நுனி அலை அடிக்கும்.

கேள்வி: ஹைட்ராலிக் ஹோஸ்களை உள்ளே ஓட்டுவதற்காக முதுகுக் குழாயின் பின்பக்கம் நீளவாக்கில் வெட்டித் திறந்தோம். அதன் பிறகு கட்டர் பாரின் நுனி முன்பக்கமாகத் தலை குனிகிறது. காரணம் என்ன?

அந்த வெட்டுதான். மூடிய குழாய் முறுக்கைத் தாங்குவது அதன் சுவர் ஒரு சுற்றாகத் தொடர்வதால். ஒரு அட்டைக் குழாயை இரு கையால் முறுக்கிப் பாருங்கள். பிறகு நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு முறுக்கிப் பாருங்கள். 200 × 200 × 6 குழாயில் முழு நீளத்துக்கும் கீறல் விழுந்தால் முறுக்கு விறைப்பு கிட்டத்தட்ட 780-ல் ஒரு பங்காகக் குறைகிறது. வெட்டு குறுகியதாக இருந்தால் இரு முனைகளும் மூடியிருப்பதால் இழப்பு இவ்வளவு இராது; இருந்தாலும் முறுக்கு முழுவதும் அந்த இடத்திலேயே குவியும்.

முழுக் குழாயோடு 5 மீட்டர் இறக்கையில், எடையின் மையம் குழாயிலிருந்து 0.8 மீட்டர் முன்னால் இருந்தால், நுனி 0.4 டிகிரி முறுக்கும். 1.2 மீட்டர் முன்னால் இருக்கும் கட்டர் பாருக்கு அது 8 மி.மீ. இறக்கம். இதை ஷிம் (இடைவெளியில் வைக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யலாம். வெட்டிய குழாயை ஷிம்மால் காப்பாற்ற முடியாது.

அதே கனத் தகட்டால் வெட்டை மூடி, சுற்றிலும் இடைவிடாமல் வெல்டு செய்யுங்கள். விட்டுவிட்டு வைக்கும் வெல்டு போதாது. ஹோஸ்களைக் குழாய்க்கு வெளியே தட்டு அமைத்து ஓட்டுங்கள். குழாயில் துளை போட்டே ஆகவேண்டும் என்றால் வட்டத் துளை, பக்கச் சுவரின் நடு உயரத்தில், சுவர் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் போட்டு, விளிம்பில் வளையம் வெல்டு செய்யுங்கள். மேல் முகத்தைத் தொடாதீர்கள். இறக்கையின் எடையால் இழுபடுவது அந்த முகம்தான்.

கேள்வி: இறக்கையை நடுப்பாகத்தோடு சேர்க்கும் ஃபிளேஞ்ச் (குழாய் முனையில் வெல்டு செய்த தட்டைத் தகடு) போல்ட்கள் அடிக்கடி தளர்கின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டும், பெரிய போல்ட் மாற்றியும் பலனில்லை.

பிரித்துக் கோக்கும் ஹெட்டரின் உயிரே இந்த இணைப்பில்தான். குழாயை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் இணைப்பு நெகிழ்ந்தால் எல்லாம் வீண். அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறோம்.

முதலில் விசை. 31 கிலோ நியூட்டன் மீட்டர் வளைவிசையை மேல் வரிசை போல்ட்களும் கீழ் விளிம்பும் 300 மி.மீ. இடைவெளியில் தாங்குவதாக வைத்துக்கொண்டால், மேல் வரிசைக்கு 102 கிலோ நியூட்டன் இழுவிசை வரும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது இதை 2.5 மடங்காக எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம்: 255. எம்20 (20 மி.மீ. விட்டம்), 10.9 தர உயர் வலிமைப் போல்ட் ஒன்றை முறையாக முறுக்கினால் 150 கிலோ நியூட்டன் இறுக்கம் கிடைக்கும். மேல் வரிசையில் நான்கு வைத்தால் 600. இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும்; ஃபிளேஞ்ச் நெம்புவதால் வரும் கூடுதல் விசைக்கும், நாளடைவில் குறையும் இறுக்கத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் நான்கு. 7 மீட்டர் இறக்கையென்றால் எம்24-க்கு மாறுங்கள். இறக்கை தரையில் மோதி மேலே எற்றப்படும்போது இழுவிசை கீழ் வரிசைக்கு மாறும் என்பதால் கீழேயும் இதே போல்ட்கள் வேண்டும்.

போல்ட் தளர்வது பெரும்பாலும் அது சிறியது என்பதால் அல்ல. முகங்கள் சரியாக ஒட்டாததால். வெல்டிங் சூட்டில் ஃபிளேஞ்ச் சுருண்டு, முகம் நடுவில் குழிந்தோ புடைத்தோ நிற்கும். போல்ட்டை முறுக்கும்போது தகடு வளைந்து ஒட்டுவதுபோல் தெரியும். ஓட்டத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த இடைவெளி திறந்து மூடும், போல்ட் களைத்து உடையும். எம்20-க்கு 25 மி.மீ. கனத்துக்குக் குறையாத ஃபிளேஞ்ச் போட்டு, வெல்டு முடிந்த பிறகே முகத்தை மில்லிங் (இயந்திரத்தில் சீவிச் சமமாக்குதல்) செய்யுங்கள். முன்பே செய்து வெல்டு வைப்பது வீண் உழைப்பு.

அடுத்தது பெயிண்ட். இரு முகங்களுக்கு நடுவே தடித்த பெயிண்ட் இருந்தால் அது நசுங்கி வெளியேற வெளியேற இறுக்கம் போய்விடும். முகங்களை வெறும் இரும்பாக விடுங்கள், அல்லது மெல்லிய துத்தநாக பிரைமரோடு நிறுத்துங்கள்.

ஸ்பிரிங் வாஷரை எடுத்துவிடுங்கள். 10.9 போல்ட்டின் இறுக்கத்தில் அது தட்டையாகிவிடும், ஸ்பிரிங்காக வேலை செய்யாது. கடினப்படுத்திய தட்டை வாஷர் போதும். இடம் இருந்தால் போல்ட் தலைக்கு அடியில் 40 மி.மீ. நீளக் கனச் சுவர் ஸ்லீவ் வைத்து நீண்ட போல்ட் போடுங்கள். நீளமான போல்ட் அதிகம் நீள்வதால், முகம் சிறிது படிந்தாலும் இறுக்கத்தை முழுதாக இழப்பதில்லை.

முறுக்குவிசை: எண்ணெய் இல்லாத மரைக்கு ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர், எண்ணெய் தடவியதற்கு 450. இதை மாற்றிக் குழப்புவது ஆபத்து. எண்ணெய் தடவிய மரையில் 600 கொடுத்தால் போல்ட் தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். பாதி அளவில் ஒரு சுற்று, முழு அளவில் ஒரு சுற்று என்று குறுக்கு வரிசையில் முறுக்குங்கள். முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடி பார்க்கவும்.

கேள்வி: பிரித்து மாட்டும்போது ஒவ்வொரு முறையும் கட்டர் பார் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. போல்ட் துளைகளை இறுக்கமாக்கலாமா?

வேண்டாம். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. இடத்தைக் காட்டுவது டவல் பின்னின் வேலை. எம்20-க்கு 22 மி.மீ. துளையே இருக்கட்டும். ஃபிளேஞ்சில் 25 மி.மீ. பின் இரண்டு வையுங்கள்: ஒன்றுக்கு எதிர்முகத்தில் சரியான வட்டத் துளை, மற்றதற்கு முதல் பின்னை நோக்கி நீண்ட துளை. இரண்டையும் வட்டமாகப் போட்டால் வெயிலிலும் சுமையிலும் மாட்டாமல் சிக்கும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், 250 மி.மீ. உயரத்தில் 1 மி.மீ. பிசகு, 7 மீட்டர் தள்ளி நுனியில் 28 மி.மீ. ஆகிறது. இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: நுனி தொங்கினால் இணைப்பின் கீழ் விளிம்பில் ஷிம், நுனி தூக்கி நின்றால் மேல் விளிம்பில். ஷிம் முகத்தின் முழு அகலத்துக்கும் சீராக இருக்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி மட்டும் திணித்த ஷிம் மேலே சொன்ன தளர்வைத் திரும்பக் கொண்டுவரும். இன்னும் நல்லது, கணக்கிட்ட தொய்வின் அளவுக்கு இறக்கையை முதலிலேயே மேல்நோக்கிச் சாய்த்து மில்லிங் செய்வது.

கேள்வி: இணைப்பை எந்த இடத்தில் வைப்பது? நடுப்பாகம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதாகக் கொண்டுபோகலாம் அல்லவா?

கொண்டுபோக எளிது, ஓட்டுவதற்குக் கெடுதல். இந்தக் கேள்விக்கு மட்டும் நடுப்பாகத்தின் 2 மீட்டர் அளவை விட்டுவிடுவோம். 12 மீட்டர் ஹெட்டரில் ஃபீடர் (அறுத்த பயிரை இயந்திரத்துக்குள் இழுக்கும் வாய்) விளிம்பு மையத்திலிருந்து 0.75 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். இணைப்பை அங்கே வைக்காமல் 2 மீட்டருக்குத் தள்ளினால், அது தாங்க வேண்டிய வளைவிசை 58 சதவீதமாகக் குறைகிறது. நடுப்பாகம் 4 மீட்டர் ஆகும், இறக்கைகள் தலா 4 மீட்டர். 40 அடி கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 12 மீட்டர், கதவின் அகலம் 2.34 மீட்டர். ரீலைக் கழற்றி, முன்பின் ஆழத்தை அந்தக் கதவுக்குள் அடக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீளம் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஆனால் மேலே சொன்ன மூன்று 4 மீட்டர் பாகங்கள் வரிசையாக நின்றால் இடுக்கே இருக்காது, அதனால் நடுப்பாகத்தைச் சற்றுக் குறையுங்கள்.

எப்படிக் குறைத்தாலும் கட்டர் பாரின் பிரிவு நீளம் 76.2 மி.மீ.யின் பெருக்கமாக வரட்டும். கத்திப் பற்களும் ஃபிங்கர் கார்டுகளும் (கத்தி நகரும்போது பயிரின் தாளைத் தாங்கும் கூர்முனைகள்) பரவலாக அந்த இடைவெளியில்தான் வருகின்றன. 4,000 மி.மீ. என்று முழு எண்ணாக வைத்தால் இணைப்பில் ஒரு கார்டு இடம் தவறும். 52 இடைவெளி, அதாவது 3,962.4 மி.மீ. என்று வையுங்கள். இணைப்பில் இருபுறக் கார்டுகளின் உயர வித்தியாசத்தை அரை மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போனால் கத்தி உரசிச் சூடேறும்.

கேள்வி: தரைக்கேற்ப மடங்கும் இறக்கை வேண்டும். கீலை முதுகுச் சட்டத்தின் மேல்பக்கம் வைப்பது செய்ய எளிதாக இருக்கிறது. வைக்கலாமா?

கீலின் அச்சு கத்தியின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். கத்திக்கு 600 மி.மீ. மேலே வைத்தால், இறக்கை 4 டிகிரி சாயும்போது கத்தி வரிசையில் 42 மி.மீ. இடைவெளி திறக்கும், அல்லது அதே அளவு இடித்துக்கொள்ளும். அறுபடாத தாள் கோடாக நிற்பது அங்கேதான். கீழே வைத்தால் இடைவெளி மேலே ரீல் பக்கம் போய்விடும். ரீலைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து அதைச் சமாளிக்கலாம்.

கேள்வி: உயர் வலிமை எஃகு போட்டால் தொய்வு குறையுமா?

குறையாது. எல்லா எஃகுக்கும் நெகிழ்ச்சி எண் (விசைக்கு எவ்வளவு நெகிழும் என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ ஒன்றே. வெல்டு ஓரத்தில் வரும் களைப்பு வெடிப்பையும் அது தள்ளிப்போடாது. ஒரே தடவை பலமாக மோதி நிரந்தரமாக வளையும் இடங்களுக்கு மட்டும் பயன்படும்.

கேள்வி: ஃபீடர் வாயின் மேல் மூலைகளில் வெடிப்பு. வெல்டு செய்து மேலே தகடு ஒட்டினோம், தகட்டின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கிறது.

ஃபீடர் வாய் கீழ்க்குழாயை நடுவில் துண்டிக்கிறது. இரு இறக்கைகளின் விசையும் வாயைச் சுற்றி மேலேறித்தான் மறுபக்கம் போக வேண்டும், அதனால் மூலையில் குவிகிறது. சதுரமாக வெட்டிய தகட்டை ஒட்டினால் விறைப்பு திடீரென்று மாறும் இடம் தகட்டின் ஓரத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

வெடிப்பின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 8 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். வெடிப்பை வி வடிவில் முழுக்கக் குடைந்து நிரப்பித் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு மூலைக்குள் 100 மி.மீ.க்குக் குறையாத வளைவுள்ள கஸெட் (மூலையைத் தாங்கும் தகடு) வையுங்கள். அதன் கால்கள் சிறுகச் சிறுகக் குறுகி முடியட்டும். கடைசி வெல்டு இழுபடும் முகத்துக்குக் குறுக்காக முடியக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் வாயைச் சுற்றி முழு வாசற்கால்போல மூடிய குழாய்ச் சட்டம் ஒன்று கட்டிவிடுவது நல்லது.

கேள்வி: மக்காச்சோள ஹெட்டருக்கும் இதே முறையா?

இல்லை, அது எளிது. வரிசைக்கு ஓர் அலகு என்பதால் எடை புள்ளி புள்ளியாக விழுகிறது. ஒவ்வோர் அலகையும் குழாயில் துளை போட்டு மாட்டாமல் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். வரிசை இடைவெளி 70-லிருந்து 75 செ.மீ. ஆனாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: இரு இறக்கைகளின் பெல்ட்களில் ஒன்று மெதுவாக ஓடுகிறது. இரு மோட்டார்களுக்கும் ஒரே பம்ப்.

மோட்டார்களை இணையாக இணைத்திருப்பீர்கள். எண்ணெய் எளிதான வழியிலேயே போகும். சுமை குறைந்த பெல்ட் விரையும், தாள் குவிந்த பெல்ட் நின்றுபோகும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணையுங்கள், இரண்டும் ஒரே எண்ணெயில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். இரண்டு சுமைகளுக்கும் சேர்த்து பம்ப் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் ரிலீஃப் வால்வின் (அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வு) அளவைச் சரிபாருங்கள். முதல் மோட்டாரின் வெளிவாயிலும் அழுத்தம் நிற்பதால், அதன் கேஸ் டிரெயின் குழாய் (மோட்டார் உடலுக்குள் கசியும் எண்ணெயை வெளியேற்றுவது) தனியாகத் தொட்டிக்குப் போகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் போவது அதன் ஷாஃப்ட் சீல். வேகம் சமமான பிறகும் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் குறை மோட்டாரில் இல்லை. சட்டம் முறுக்கி ரோலர்கள் இணையாக நிற்கவில்லை என்று பொருள். ரோலரை நகர்த்தும் முன் இணைப்புப் போல்ட்களின் இறுக்கத்தைச் சோதியுங்கள்.