ரைசோபியம் கலந்து விதைத்தும் பயத்தங்காய்ச் செடி வெளுப்பது ஏன்?

நீங்கள் கேட்டது: சமூகத் தோட்டப் பாத்தியில் மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 4.8. வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் கலந்து விதைத்தும் இலைகள் மஞ்சளாகின்றன. பாக்கெட் போலியா?

பாக்கெட்டைத் திட்டும் முன் ஒரு செடியைக் கரண்டியால் தோண்டி எடுங்கள். பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே நான் முதன்முறை தோண்டியபோது, வேர் கழுவிக் காயவைத்த நூல் போல இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

குற்றவாளி மண்தான். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்து ஓடிவிடுகின்றன. பிஎச் 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். பாக்டீரியா நுழைய வேண்டிய வேர்த்தூவிகளும் சரியாக வளராது. தப்பித்தவறி முடிச்சு வந்தாலும், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்குத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்து அமில மண்ணில் செடிக்கு எட்டாது.

ஆகவே முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் பாக்டீரியா. நான் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் (கால்சியமும் மக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல்) தூள் கிளறிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பை விதையருகே கொண்டுவர வேண்டாம், அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, வெயில் தாழ்ந்தபின் விதைத்தேன். சாயம் பூசிய விதை என்றால் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம். அதை வாங்காதீர்கள். பாக்கெட்டில் இருப்பதும் உயிர்தான், காலாவதித் தேதி பாருங்கள்.

ஆறாவது வாரம் மறுபடி தோண்டினேன். மிளகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. அந்தச் சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

யூரியா மட்டும் வேண்டாம். பக்கத்துப் பாத்தி மாமா பாசத்தோடு ஒரு பிடி போட வந்தார், ஓடிப்போய்த் தடுத்தேன். நைட்ரஜன் சும்மா கிடைத்தால் செடி முடிச்சு வைக்காது. அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம். பயத்தங்காய் கொடுத்தனுப்பினால் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.