கடைசி அத்தியாயங்களில் அவள் எங்கே?

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண்ணை நாயகியாக வைத்து இளையோர் நாவல் ஒன்று எழுதியிருக்கிறேன். திருப்பூர் பக்கத்துக் கதை. முதல் காட்சியிலேயே, கிண்டல் செய்த பையனை அறைகிறாள். பின்பாதியில் அவளுக்குக் கட்டாயக் கல்யாணம். நாயகன் வந்து நிறுத்துகிறான். படித்த பள்ளிப் பெண்கள் “நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா அவ எங்களை மாதிரி இல்லீங்க” என்கிறார்கள். எதை மாற்றுவது?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தப் பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாவலை அச்செடுத்து, சிவப்பு, நீலம் இரண்டு பேனாக்களோடு உட்காருங்கள். ஒவ்வோர் அத்தியாயத்திலும் கதையைத் திருப்பிய முடிவை எடுத்தது யார்? அவள் என்றால் சிவப்பு, வேறு யாரும் என்றால் நீலம். நீங்கள் சொல்லும் கதைப்படி பின்பாதி முழுக்க நீலமாகத்தான் வரும். ஆபத்து பெரிதானதும், பதினாறு வயதுப் பெண்ணால் என்ன முடியும் என்ற சந்தேகம் எழுதுகிறவருக்கே வந்துவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் நாயகன் தேவைப்படுகிறான்.

ஆகவே கடைசியில் வேண்டிய பலத்தை முதல் மூன்று அத்தியாயங்களுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார் என்றால், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் கணக்கை ராத்திரி நோட்டில் எழுதுவது இவளாக இருக்கட்டும். சனிக்கிழமைச் சம்பளம் குறைந்தால் கண்டுபிடிப்பதும் இவள்தான். அப்படிப்பட்டவள், கல்யாணப் பேச்சு வந்தால், வீட்டுக் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்று கேட்காமல் இருக்கமாட்டாள்.

கல்யாணத்தை அவளே நிறுத்தலாம். 18 வயது ஆகாத பெண்ணின் கல்யாணத்தைத் தடுக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; உதவிக்கு 1098 என்ற இலவச எண். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுக்கிறாள், பிறந்த தேதி அதில் இருக்கிறது. இந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு முழுப்பக்கம் கொடுங்கள்: சாவி எங்கே தொங்கியது, கதவு கிரீச்சிட்டதா, திண்ணையில் படுத்திருந்த அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) புரண்டு படுத்தாரா. அதற்கு அவள் கொடுக்கும் விலையையும் எழுதுங்கள். அதிகாரிகள் வந்துபோன பிறகு அப்பா அவளோடு பேசமாட்டார். ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வாசலோடு திரும்பிவிடும். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறவளைத்தான் உங்கள் வாசகிகள் நம்புவார்கள்.

அறையும் காட்சியை எடுத்துவிடுங்கள். “எனக்கு இதுல இஷ்டமில்லீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, கை நடுங்க அவருக்கே சோறு போடுகிற பெண் அதைவிடத் துணிச்சல்காரி.

கண்ணாடி முன் நின்று தன் அழகைத் தானே வர்ணிக்கும் பத்தி இருந்தால், இரண்டு வரியாகக் குறையுங்கள். தோழிகளையும் கவனியுங்கள். நாயகியை உயர்த்துவதற்காக மற்றப் பெண்களைப் புறம்பேசிகளாகவும் பவுடர் பைத்தியங்களாகவும் காட்டுவது இளையோர் கதைகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம். அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் தன் சித்திரத் தொடரில் வைத்த சோதனை இங்கே உதவும்: இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, அந்தப் பேச்சு ஆண்களைத் தவிர வேறெதைப் பற்றியாவது இருக்கிறதா? ஆனால் இதில் தேறிவிட்டால் மட்டும் நாயகி உருவாகிவிடமாட்டாள். சிவப்புப் பேனாதான் முக்கியம்.

நாயகன் இருந்துவிட்டுப் போகட்டும். அவனுக்கும் ஒரு சிக்கல் கொடுங்கள்.

திருத்திய பிரதியை அதே பெண்களிடம் கொடுக்கும்போது, நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்; மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “அவ எடத்துல நீ இருந்தா எங்க வேற மாதிரி செஞ்சிருப்ப?” என்று கேட்டு, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.