மாத்திரையைத் துப்பும் நாய்

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தயிர்சாதத்தில் வைத்தால் சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்புகிறது. என்ன செய்வது? – வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் தயிரை நிறுத்துங்கள். பால், தயிர், பனீரில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சரியாகச் சேராது.

எங்கள் நாய் மணிக்கு நான் கோழி ஈரல்தான் செய்தேன். இரண்டு ஈரலை உப்பு போடாமல் வேகவைத்து, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு மசித்துச் சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். வாசனைக்கென்று வெங்காயம், பூண்டு சேர்த்துவிடாதீர்கள், நாய்க்கு நஞ்சு. ஈரலுக்குப் பதில் வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால், அதில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது உயிருக்கே ஆபத்து.

சரி, கொடுக்கும் விதம். மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைத் தொடாதீர்கள், கசப்பு வாசனையை மோந்துவிடும். முதல் உருண்டை வெறுமனே. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டுங்கள். மணி அதைப் பிடிக்கிற அவசரத்தில் மெல்லாமலே விழுங்கிவிடுவான். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள், மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டி நிற்கக் கூடாது. தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், அம்மா.