கயாக்கின் அடியில் கீறலா, விரிசலா? – கேள்வி பதில்

கேள்வி: சார், என் பிளாஸ்டிக் கயாக்கின் (துடுப்பு போடும் சிறு படகு) அடிப்பாகம் முழுக்கக் கீறல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் சொரசொரப்பாகிறதே?

பதில்: உப்புத்தாளைக் கீழே வையுங்கள். உங்கள் கயாக்கின் பிளாஸ்டிக்கான பாலிஎதிலீன் மெத்தென்று இழுபடும் பொருள்; தேய்த்தால் பொடியாகாமல் பஞ்சுபோல இழை கிளம்பும். மெஷின் வைத்தால் சூட்டில் அந்த இழைகள் உருண்டை கட்டிக்கொள்ளும்.

கீறலின் இரு ஓரமும் வயல் வரப்பு மாதிரி மேடு தட்டியிருக்கும். தண்ணீரில் இழுவை தருவது பள்ளத்தைவிட அந்த மேடும் தொங்கும் பிசிறும்தான். புது கட்டர் பிளேடையோ ஸ்டீல் ஸ்கிரேப்பரையோ பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, கீறலின் நீளவாக்கில் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். பரப்பில் மினுமினுப்பு தெரிந்ததும் நகர்ந்துவிட வேண்டும். ஈரக் கரண்டியின் முதுகால் ஒரு அழுத்து, போதும். சூடு காட்டும் முன் வடிகால் மூடியைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்; உள்ளே அடைபட்ட காற்று விரிந்தால் இளகிய இடம் புடைத்துவிடும்.

கேள்வி: எந்த அளவு ஆழம் வரை விட்டுவிடலாம்?

பதில்: கயாக்கின் சுவர் கனம் பெரும்பாலும் 5 மி.மீ. அளவில் இருக்கும். 1 மி.மீ. வரையிலான கீறலை நிரப்பவே வேண்டாம். நிரப்புவதற்காகக் காட்டும் சூடு, கீறலைவிட அதிகம் கெடுக்கும்.

கேள்வி: அண்ணே, விரிசலில் எபாக்சி பசை போட்டேன். தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

பதில்: பாலிஎதிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. உருக்கி ஒட்டுவதே வழி. நம் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கும் அநேகமாக இதே இனப் பிளாஸ்டிக்தான், அச்சைச் சுழற்றி வார்ப்பதும் அதே முறையில்தான். அதனால் டேங்க் வெல்டிங் செய்பவரிடம் பாலிஎதிலீன் ராடு (உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் குச்சி) கேட்டுப் பாருங்கள். பி.வி.சி., பி.பி. (பாலிபுரோப்பிலீன்) போன்ற வேறு பிளாஸ்டிக் ராடு ஒட்டாது.

முதலில் பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கள். விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போடுங்கள்; இல்லாவிட்டால் வெல்டிங்கைத் தாண்டி விரிசல் ஓடும். விரிசல் நெடுக, சுவரின் பாதி கனத்துக்கு மேல் ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பள்ளத்தில் ராடை வைத்துச் சூடு காட்டும்போது ராடு, அடிப்பாகம் இரண்டும் ஒரே நேரத்தில் இளக வேண்டும். ராடு மட்டும் உருகி மேலே உட்கார்ந்தால் பார்க்க அழகாக இருக்கும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும். பெரும்பாலான வேலை கெடுவது இங்கேதான். பழுப்பேறிப் புகை வந்தால் சூடு மிகுதி; அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். தானாக ஆறட்டும். ஆறியபின் மேட்டை ஸ்கிரேப்பரால் சீவி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள்.

கேள்வி: பழைய கயாக். எவ்வளவு சூடு காட்டினாலும் உருகவே இல்லை, ரப்பர் மாதிரி ஆகிறது.

பதில்: அது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎதிலீன், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்த வகை; வெல்டிங் எடுக்காது. வளைந்துகொடுக்கும் எபாக்சிதான் கதி. ஒட்டும் இடத்தில் கேஸ் டார்ச்சின் நீலச் சுடர் நுனியைச் சட்டென்று தடவி எடுங்கள், உருக விடாதீர்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும். பரவினால், காயவைத்து அரை மணி நேரத்துக்குள் எபாக்சி பூசிவிடுங்கள்.

கேள்வி: கார் மேல் கட்டிக் கொண்டுவந்ததில் அடி குழிந்துவிட்டது.

பதில்: இந்த வெயிலில் அடியை மேலே திருப்பி மதியம் முழுக்க வையுங்கள்; பாதி தானே எழும். மீதிக்குக் கொதிநீர்த் துணி போட்டு, உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளி, அழுத்தியபடியே ஈரத்துணியால் குளிரவைக்க வேண்டும். இனிமேல் பட்டையை அவ்வளவு இறுக்கிக் கட்டாதீர்கள்.

கேள்வி: கடைசியில் சிலிகான் பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த முறை வெல்டிங் பிடிக்காது.