குடல் பழுதானா திரும்ப வளருமா?

கேள்வி: பேரனுக்கு ரெண்டு வயசு. போன கிழமை வயித்தால போய், சத்தியும் எடுத்து, ஆஸ்பத்திரியில வச்சு சேலைன் ஏத்தித்தான் சுகமாகி வந்தவன். ரோட்டா வைரஸாம். குடலுட உள்தோல் பழுதாகியிருக்கு, சாப்பாடு குடுங்க, தானா சரி வரும் எண்டு அனுப்பினாங்க. பக்கத்து வீட்டாக்கள், புண் ஆறுமட்டும் பிளேன் டீயும் விசுக்கோத்தும் காணும் எண்டுறாங்க. பழுதான குடல் எப்பிடித் தானா சரி வரும்?
– ஒரு அம்மம்மா, களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, ஆஸ்பத்திரியில சொன்னதுதான் சரி, புள்ளைக்கு சாப்பாடு குடுங்க. சுகமா இருக்கிற ஆளுக்கே குடலுட உள்தோல் நாலஞ்சு நாளைக்குள்ள கிட்டத்தட்ட முழுசாப் புதுசாகிக்கொண்டுதான் இருக்கு, பழசு கழண்டு வெளிக்குப் போற நேரம் அதோடயே போயிரும், நமக்குத் தெரியிறதில்ல.

சின்னக்குடலுக்குள்ள சடைமுளை எண்டு நுணுக்கமா நீட்டிக்கொண்டு நிக்கும், சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சிறது அதுதான். ஆனா புதுத்தோல் உண்டாகிறது அங்க இல்ல, சடைமுளையளுக்கு நடுவில கீழ இறங்கிற குழியளுக்குள்ள. ஒவ்வொரு குழியின்ட அடியிலயும் கொஞ்ச ஸ்டெம் செல், அதாவது புதுக்கலங்கள உண்டாக்கிற மூலக் கலம், இருக்கு, எலியில பாத்த கணக்குப்படி 15 மட்டில, நாளைக்கு ஒருக்கா மாதிரி ரெண்டாப் பிரியும். அடியில இடம் கிடையாதது மேல தள்ளுப்படும், போற வழியில இன்னும் நாலஞ்சு தரம் வேகமாப் பிரியும், பிறகு பிரியிறத விட்டுட்டு சத்தை உறிஞ்சிற கலமாவோ சளி சுரக்கிற கலமாவோ மாறி சடைமுளையில ஏறும், நுனிக்குப் போனதும் உதிரும்.

ரோட்டா வைரஸ் பிடிக்கிறது சடைமுளையின்ட மேல்பக்கத்துக் கலங்களத்தான். குழியின்ட அடி தப்பிக்குது, அதனாலதான் தானா சரி வரும் எண்டு சொன்னாங்க. ஜீவனி எண்ட உப்பு-குளுக்கோஸ் கரைசல் வேலை செய்யிறதும் இதாலதான், தப்பின கலங்கள் குளுக்கோஸையும் உப்பையும் சேத்து உள்ள இழுக்கும், பின்னால தண்ணியும் வரும். வெறும் பிளேன் டீயில அது நடக்காது. புதுக்கலம் கட்ட சாமான் வேணும், புள்ளைய அரைப்பட்டினி போட்டா எங்கால வரும்? சோறு, பருப்பு, முள்ளெடுத்த மீன், வாழைப்பழம், தயிர், புள்ள கேக்கிறதக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. சிங்க் தந்திருந்தா வயித்தோட்டம் நிண்டுட்டு எண்டு இடையில நிப்பாட்டாதீங்க. வெளிக்குப் போறதில ரத்தம் கண்டா, கண் உள்ள போனா, மூத்திரம் குறைஞ்சா உடனே திரும்பக் கொண்டு போங்க.

கேள்வி: ஸ்டெம் செல் பிரிஞ்சா ஒண்டு ஸ்டெம் செல்லாவே நிக்கும், மற்றது வேற கலமா மாறும் எண்டு ரியூஷன்ல சொன்னாங்க. குடல்லயும் அப்பிடியா?
– ஏ எல் பயோ மாணவன், கல்முனை

பதில்: நல்ல கேள்வி தம்பி. நெடுங்காலமா எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சிருந்தவங்க. 2007ல நெதர்லாந்தில ஹான்ஸ் கிளெவர்ஸ்ட ஆய்வுகூடத்தில எல்ஜிஆர்5 எண்ட அடையாளத்த வச்சு இந்த ஸ்டெம் செல்லத் தனியாப் பிடிச்சாங்க, 2009ல அப்பிடி ஒரே ஒரு செல்லில இருந்து குழியும் சடைமுளைப் பகுதியும் உள்ள குட்டிக் குடலயே கிண்ணத்தில வளத்தாங்க. 2010ல எலியின்ட ஸ்டெம் செல்லுக்கு நாலு நிறம் குடுத்து விட்டுப் பாத்தா, தொடக்கத்தில கலப்படமா இருந்த குழியள் மாசக்கணக்கில ஒவ்வொண்டும் ஒரே நிறமா மாறிட்டு. ஒவ்வொரு தரமும் ஒண்டு நிண்டு ஒண்டு போனா இப்பிடி நடக்காதே, எல்லா நிறமும் கடைசி வரைக்கும் நிக்க வேணும்.

நடக்கிறது கல்முனை பஸ்ஸில சீட் பிடிக்கிற மாதிரி. பிரிஞ்ச ரெண்டுமே ஸ்டெம் செல்லாகலாம், ரெண்டுமே வெளியேறலாம், அடியில இடம் பிடிச்சது ஸ்டெம் செல், தள்ளுப்பட்டது இல்ல. அந்த இடத்தில அப்பிடி என்ன இருக்கு எண்டா, பக்கத்தில பனெத் எண்ட வேற வகைக் கலங்கள் இருக்கு, அதுவும் சுத்தியுள்ள இழையமும் விண்ட் (Wnt) எண்ட மாதிரி, ஸ்டெம் செல்லாவே நில் எண்டு சொல்ற சிக்னல் குடுத்துக்கொண்டே இருக்கும், அது எட்டாத தூரம் போனா கலம் மாறத் தொடங்கிரும். இந்த விண்ட் சிக்னல அடக்கி வைக்கிற ஏபிசி எண்ட ஜீன் பழுதானா, பிரியாம நிக்க வேண்டிய கலமும் பிரிஞ்சுகொண்டே இருக்கும், பெருங்குடல் புற்றுநோயில பெரும்பாலும் முதல் பழுதாகிறது இதுதான். படிச்சு வாற புள்ளையள் இந்தப் பக்கம் வரவேணும் எண்டு எனக்கு உண்மையா ஆசை.

கேள்வி: வாப்பாக்கு கீமோ ஏத்துறம். ஏத்தி ஒரு கிழமைக்குள்ள வாயெல்லாம் புண், வயித்தாலயும் போகுது. மருந்து ஒத்துக்கொள்ளலயா?
– மகள், அக்கரைப்பற்று

பதில்: ஒத்துக்கொள்ளல எண்டு நினைச்சு மருந்த விட்டுராதீங்க தங்கச்சி. நிறைய கீமோ மருந்து வேகமாப் பிரியிற கலத்தத் தாக்கும், குடல் குழியில இருக்கிறதும் வாயின்ட உள்தோலும் அப்பிடிப் பிரியிறதுதானே. மேல உள்ள கலம் வழமை போல உதிருது, கீழ இருந்து புதுசு வாறது குறையுது, அதாலதான் சில நாள் கழிச்சு இப்பிடிக் காட்டுது. ஸ்டெம் செல் செத்தாலும், மேல ஏறத் தொடங்கின சில கலங்கள் திரும்ப ஸ்டெம் செல்லா மாறி அந்த இடத்தப் பிடிக்கும், எலியில இதக் காட்டியிருக்காங்க. அதனால ரெண்டு ஏத்துறதுக்கு இடையில விடுற நாள் குடலுக்கும் தேவையான நாள்தான்.

வயித்தோட்டத்துக்கு கடையில குளிசை வாங்கிக் குடுக்காதீங்க, ஒருநாளைக்கு எத்தின தரம் போகுது எண்டு எழுதிக்கொண்டு போய் டொக்டரிட்டக் காட்டுங்க, மருந்தின்ட அளவ மாத்த அது உதவும். காய்ச்சல் வந்தா மட்டும் அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கக் கூடா, நடுச்சாமம் எண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் கீமோ ஏத்தின ஆள் எண்டு முதல்லயே சொல்லுங்க.