கடை மின்விசிறியை அந்த பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

சோலார் பேட்டரி, இன்வெர்ட்டர் இவற்றின் உண்மையான தரத்தை வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கடை ஏறி இறங்கி, ஆளுக்கொரு விலை கேட்டுத் தலை சுற்றிப் போயிருப்பீர்கள். நான் மின்பொறியாளர் இல்லை. புதியம்புத்தூரில் தையல் கூடம் நடத்துகிறேன். படித்தவர்கள் திருத்துவதாக இருந்தால் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் என் தையல் மோட்டார் எந்த இன்வெர்ட்டர் பெட்டியில் ஓடியது, எதில் ஓடவில்லை என்பதை நான் நேரில் பார்த்தவள்.

தூத்துக்குடியில் முதலில் ஏறிய கடையில் பேட்டரியின் மேல் 150 ஆம்பியர்-மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓரத்தில் பொடியாக சி20, அதாவது 20 மணி நேரத்தில் மெதுவாகத் தீர்க்கும் கணக்கு.

"அண்ணாச்சி, சூரிய மின்சாரத்துக்கு சி10 அல்லவா கேட்டேன்?"

"எல்லாம் ஒன்றுதான் அம்மா. வீட்டில் சார் வரவில்லையா? அவரை அனுப்புங்கள், விளக்கமாகச் சொல்கிறேன்."

எங்கள் வீட்டு சாருக்கு ஃபியூஸ் போடத் தெரியாது. அதையும் நான்தான் போடுகிறேன். இதே கேள்வியை இயந்திரக் கடனுக்குப் போன வங்கியிலும் கேட்டார்கள். மாதம் பிறந்தால் கூடத்தில் இருக்கிற பெண்களுக்குச் சம்பளம் கொடுப்பது நான், வரி கட்டுவது நான், கையெழுத்துக்கு மட்டும் அவர் வேண்டுமாம். சரி, அது உங்கள் கேள்வியில் இல்லை.

சி10-உம் சி20-உம் ஒன்றில்லை. 150 சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் தரும். சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். ஈய-அமில பேட்டரியை வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பது குறையும். அதனால் சி20 கணக்கில் 150 என்று அச்சிட்டது, சி10 கணக்கில் 120-ஐ ஒட்டித்தான் நிற்கும். அச்சிட்ட எண் பொய் என்று சொல்ல மாட்டேன். எந்த நிபந்தனையில் அந்த எண் என்று கேட்டதும் கடைக்காரர் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். எனக்கு அதுவே பாதிச் சோதனை.

இரண்டாவது கடையில், "உங்கள் கடையில் ஓடுகிற இரண்டு மின்விசிறிகளையும் இந்த பேட்டரியில் போட்டுவிடுங்கள், சாயங்காலம் வந்து பார்க்கிறேன்" என்றேன். சிரித்தார், ஆனால் போட்டார். 75 வாட் விசிறி இரண்டு என்றால் 150 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் அளவுக்குப் போகும், அதாவது ஏறக்குறைய சி10. நான் நூல், பட்டன் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருட்டும் நேரத்தில்தான் எச்சரிக்கை ஒலி வந்தது. பத்து மணி நேரம் நிறையவில்லை. புது ட்யூபுலர் (குழாய் வடிவத் தகடு வைத்த) பேட்டரி சில முறை ஏறி இறங்கிய பிறகுதான் முழுத் திறனுக்கு வரும் என்றார். அது உண்மைதான், சாக்கு இல்லை. எல்லாக் கடையிலும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும். குறைந்தது மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் சும்மா வைத்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் கடையிலேயே பல மாதம் கிடந்த சரக்காக இருக்கலாம். தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள்.

இன்வெர்ட்டருக்கு என்னிடம் வேறு வைத்தியம் இருந்தது. கூடத்திலிருந்து தையல் இயந்திரத்தின் ஒரு அரைக் குதிரைத்திறன் கிளட்ச் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) பெட்டி அதைக் கிளப்ப முடியாமல் ஓவர்லோட் என்று அணைந்துவிட்டது. மோட்டார்தான் பழுது என்றார் விற்பனைப் பையன். பக்கத்தில் இருந்த பெரிய பெட்டியில் போட்டதும் அதே மோட்டார் ஒரே இழுப்பில் சுற்றியது. கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். அந்தத் திடீர்ச் சுமையை எத்தனை நொடி தாங்கும் என்று விவரத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். 900 விஏ என்றாலும் 900 வாட் இல்லை, வாட் கணக்கு அதைவிடக் குறைவு. சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) அல்லாத பெட்டியில் மோட்டார் உறுமும், சூடேறும். சுமையே இல்லாதபோது பெட்டி தானே எவ்வளவு தின்கிறது என்றும் கேளுங்கள். 20 வாட் என்றால் நாளைக்கு 480 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 1800 தான்.

சோலார் பேனலை இணைக்கும் பகுதி எம்பிபிடி-யா (பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருவது), பிடபிள்யூஎம்-ஆ (பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடுவது) என்பதும் முக்கியம். என் நாத்தனார் வீட்டில் 330 வாட் பேனலை 12 வோல்ட் பிடபிள்யூஎம் பெட்டியில் மாட்டிவிட்டார்கள். 37 வோல்ட்டில் வேலை செய்கிற பேனலை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். பேனல் மட்டம் என்று இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறாள். எம்பிபிடி என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். இப்படிப்பட்ட பேனலில், நல்ல வெயிலில் பேனலிலிருந்து வருகிற ஆம்பியரைவிட பேட்டரிக்குப் போகிற ஆம்பியர் அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் அது பெயருக்கு எம்பிபிடி.

"இந்தக் காலத்தில் ஈய பேட்டரியா, லித்தியம் வாங்க வேண்டியதுதானே" என்று யாராவது வருவார்கள். வாங்கலாம், கையில் பணம் இருந்தால். ஆனால் அட்டையில் உள்ள ஆயிரக்கணக்கான சுழற்சிகள் (எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது) பெரும்பாலும் 25 டிகிரிக் கணக்கு. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே 25 டிகிரி மார்கழி விடியற்காலையில்தான் வரும். அதன் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் மின்சுற்று) தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்பதையும் கேட்காமல் மோட்டார் ஓட்ட வாங்காதீர்கள்.

வாரண்டி 60 மாதம் என்றால் 36+24-ஆ என்று பாருங்கள். பின்னால் உள்ள 24 மாதத்தில் புது பேட்டரி கிடைக்காது, விலையில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான். வரிசை எண்ணை பில்லில் எழுதி, வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு அங்கேயே வாங்கிவிடுங்கள். அட்டையை அப்புறம் தருகிறேன் என்றால், பணத்தையும் அப்புறமே தருவதாகச் சொல்லுங்கள்.